வழுக்க வேண்டிய இடம், பிடிக்க வேண்டிய இடம்

துப்பாக்கித் தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் முதல் மூன்றும் செலவாகிவிடும். கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான். அதனால்தான் அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் பழகுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் காலிக் கூடுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக் கொட்டகையிலேயே புதிதாக நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட, நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்த அத்தியாயத்தை அமெரிக்கப் பட்டறை மேசையில் நடக்கும் ஓர் இயற்பியல் பாடமாகப் படியுங்கள். அந்த மேசையில் எழும் முதல் கேள்வி எளிமையானது: கூட்டின் மேல் எந்த மசகைத் தடவுவது?

தோட்டா, கொழுப்பு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் நமக்கு 1857 நினைவுக்கு வரும். அன்று சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்தது என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவை. அந்தக் கொழுப்பு, குண்டைக் குழலுக்குள் எளிதாக இறக்குவதற்காகக் காகிதத்தின் மேல் தடவப்பட்டது. இங்கே பேசப்போவது உலோகக் கூட்டைப் பற்றி. அதற்கு மசகு தேவைப்படும் காரணமே வேறு.

மான் வேட்டையில் பரவலாகப் புழங்கும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 4,200 மடங்கு. அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு பலூனாக விரிந்து, துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு ஒட்டி நிற்கும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும். பித்தளைக்கு அந்த மீள்தன்மை உண்டு. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தக் கலவைக்கு ஆங்கிலத்தில் 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுருங்கிய பிறகும் கூடு பழைய அளவுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு பெருத்தே இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்கு முன்னே பின்னே. அந்த வித்தியாசம் போதும், அடுத்த முறை அறைக்குள் நுழைய மறுக்க.

எனவே கூட்டைத் திரும்ப இறுக்க வேண்டும். அதற்குக் கெட்டியான எஃகில் துல்லியமாகக் குடைந்த ஓர் அச்சு இருக்கிறது. பட்டறை வழக்கில் டை. மேசையில் முடுக்கிய கைப்பிரஸ்ஸின் தலையில் டையைத் திருகி, கூட்டின் விளிம்பைக் கீழே பிடிப்பானில் செருகி, நெம்புகோலை இழுத்தால் கூடு முழுவதும் டைக்குள் ஏறும். ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. கழுத்தில் குண்டு உட்காரும், தோள் கழுத்தை உடலோடு இணைக்கும். டை இவை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பழைய அளவுக்கு நெருக்கிக் கொண்டுவருகிறது.

மசகு இல்லாமல் இதைச் செய்தால் என்ன ஆகும்? நெம்புகோல் முக்கால் தூரம் வரும், அப்புறம் கல்லாகிவிடும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. பலம் கொடுத்துப் பின்னால் இழுத்தால் பிடிப்பான் கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். கூடு டைக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்க அதன் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டைத் திருகிச் சிறிது சிறிதாக உருவ வேண்டும். இதற்கென்றே தனிக் கருவிப் பெட்டி கடைகளில் விற்கிறது என்பதிலிருந்தே, இது எத்தனை பேருக்கு நேர்கிறது என்று ஊகிக்கலாம்.

ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? எவ்வளவு மெருகு போட்ட எஃகானாலும் நுண்ணோக்கியில் அது மேடும் பள்ளமுமான மலைநாடு. இரண்டு உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், கண்ணுக்குத் தெரியும் பரப்பு முழுவதும் தொடுவதில்லை. சில சிகரங்கள் மட்டுமே தொடுகின்றன. முழு பாரமும் அந்தச் சிகரங்களின் மேல் விழுவதால் அங்கே உலோகம் நசுங்கி, ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்கிறது. நாம் உராய்வு என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த ஒட்டுகளை அறுக்கத் தேவைப்படும் விசைதான். கேம்பிரிட்ஜில் பிராங்க் பௌடனும் டேவிட் டேபரும் பல ஆண்டு சோதனைகளால் இதை நிலைநாட்டி, 1950-இல் நூலாக எழுதினார்கள். டைக்குள் நிலைமை இன்னும் மோசம். பித்தளை அங்கே சும்மா உரசவில்லை, நசுங்கி வழிந்து உருமாறுகிறது. உருமாறும்போது மேலே இருந்த ஆக்சைடுப் படலம் கிழிந்து புத்தம்புது உலோகம் வெளிப்படுகிறது. புது உலோகம் ஒட்டுவதற்குத் துடிக்கும். எஃகுச் சுவரில் ஒரு துளி பித்தளை ஒட்டிக்கொண்டால் அது அடுத்து வரும் ஒவ்வொரு கூட்டையும் நீளவாக்கில் கீறிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் கார் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயைத் தடவினால் போதாதா? புதிதாக வருகிறவர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. போதாது. ஏன் என்பதற்கு விடை 1880-களின் லண்டனில் இருக்கிறது.

பியூச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கியது. மரக்கட்டையால் அடைத்தார். கட்டையைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அழுத்தத்தை உருவாக்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். எஞ்சின் எண்ணெய் வேலை செய்வது முக்கியமாக இந்த முறையில்தான். இதற்கு ஓயாத வேகம் வேண்டும். கையால் இழுக்கும் பிரஸ்ஸில் வேகம் ஏது? கூடு ஊர்ந்து ஏறுகிறது, அழுத்தமோ பித்தளையையே வளைக்கும் அளவு. சாதாரண எண்ணெய் இடுக்கிலிருந்து பிதுங்கி ஓடிவிடும். சிகரமும் சிகரமும் நேராகச் சந்திக்கும்.

எண்ணெய் ஓடிப்போன பிறகும் தங்கி நிற்கும் பொருள் ஒன்று வேண்டும். அதைத் தேடிப் போனவர் வில்லியம் பேட் ஹார்டி. அடிப்படையில் உயிரியலாளர். 1922-இல் அவரும் ஐடா டபுள்டே என்ற பெண் விஞ்ஞானியும் வெளியிட்ட சோதனைகள் மசகியலின் போக்கையே மாற்றின. கரிம மூலக்கூறின் சங்கிலி நீள நீள உராய்வு சீராகக் குறைந்தது. சங்கிலியின் நீளம் ஒன்றாகவே இருந்தாலும் வெறும் பாரஃபினைவிட ஆல்கஹால் மேல், ஆல்கஹாலைவிடக் கொழுப்பு அமிலம் மேல். அமில மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் குணமுள்ளது. அந்த முனையை உலோகத்தில் ஊன்றி, வாலை மேலே நீட்டி, நாற்றங்காலில் நெருக்கமாக நிற்கும் நாற்றுகளைப்போல மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன. பதினெட்டுக் கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் இப்படி நிற்கும்போது அந்தப் படலத்தின் உயரம் சுமார் இரண்டரை நானோமீட்டர். அவ்வளவு மெல்லிய படலம் இரண்டு உலோகங்களைத் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது! இதற்கு எல்லை மசகு என்று பெயர்.

பௌடனும் டேபரும் இதில் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். கொழுப்பு அமிலம் செம்பு, துத்தநாகம் போன்ற வினைபுரியும் உலோகங்களின் மேல் நன்றாக வேலை செய்கிறது. பிளாட்டினம் போன்ற மந்த உலோகங்களின் மேல் அவ்வளவாக எடுபடுவதில்லை. அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து அங்கேயே உலோக சோப்பாக மாறுவதுதான் காரணம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதானே பித்தளை! தோட்டாக் கூட்டுக்கும் கொழுப்புப் பொருள்களுக்கும் வேதியியலிலேயே பொருத்தம் அமைந்திருக்கிறது. கூட்டை முதன்முதலில் செய்யும் ஆலைகள், பித்தளைக் கிண்ணத்தைப் படிப்படியாக இழுத்து நீட்டும்போது சோப்புக் கரைசலைப் பயன்படுத்தி வந்ததும் இந்தப் பொருத்தத்தால்தான்.

இந்த மேசையில் பெரிய பெயர் லேனோலினுக்கு. ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது பிரியும் கொழுப்பு அது. கொழுப்பு என்று சொன்னாலும் உண்மையில் அது மெழுகு. நீண்ட சங்கிலி அமிலங்களும் நீண்ட சங்கிலி ஆல்கஹால்களும் கைகோத்த எஸ்டர்கள், கூடவே கொலஸ்டிரால் இனப் பொருள்கள். ஹார்டியின் பட்டியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய உறுப்புகள் பலவும் இதில் இருக்கின்றன. பிசுபிசுப்பாக ஒட்டும், அழுத்தினால் ஓடாது, கையில் பட்டாலும் கெடுதல் இல்லை. குழந்தைகளின் தோலுக்குத் தடவும் களிம்புகளிலேயே இது இருக்கிறது.

இதற்குத் துணையாகச் சிலர் சேர்ப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த விளக்கெண்ணெய். சமையல் எண்ணெய்களில் இல்லாத ஒரு சிறப்பு இதில் உண்டு. இதன் கொழுப்பு அமிலங்களில் சுமார் 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். அதன் சங்கிலி நடுவிலேயே உலோகத்தைப் பிடிக்கக்கூடிய ஒரு ஹைட்ராக்சில் கொக்கி இருக்கிறது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு இதைத்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற நிறுவனப் பெயரும் இந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. அமெரிக்கக் கொட்டகையில் ஒருவர் கூட்டின் மேல் தெளிக்கும் மசகில் குஜராத் மண்ணின் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு.

லேனோலினை அப்படியே தடவ முடியாது, இழுபடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு என்று கரைத்துத் தெளிப்பார்கள். டில்லன் போன்ற நிறுவனங்கள் விற்பதும் இந்த வகைதான். ஆல்கஹால் இங்கே வெறும் வாகனம். லேனோலினைச் சீராகப் பரப்பிவிட்டு ஆவியாகிப் போய்விட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல், தெளித்த ஈரத்தோடு கூட்டை டைக்குள் ஏற்றுகிறவர்களுக்குத்தான் கூடு மாட்டிக்கொள்கிறது. கரைப்பான் காயும்வரை படலம் நீர்த்தே இருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்தால் தீர்ந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலும் சரிவராது. அதில் மீதி தண்ணீர், லேனோலின் அதில் ஒழுங்காகக் கரையாது. ஆவி தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமும் அவசியம்.

இன்னொரு கட்சி மெழுகுக் கட்சி. சிறு தகர டப்பாவில் வரும் இம்பீரியல் மெழுகு அவர்களின் செல்லம். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொஞ்சம் தொட்டுக்கொண்டு, கூட்டை விரலிடையே ஒருமுறை உருட்டினால் போதும். கூட்டின் மேல் ஒன்றும் தெரியக்கூடாது. விரலுக்கு மட்டும் ஒரு வழவழப்பு தெரிய வேண்டும், அதுதான் அளவு. இங்கே விரலின் பங்கு பெரியது. கூட்டின் அடிப்பக்கச் சுவர் தடித்தது, டை அதிக பலத்தோடு நெருக்கும் இடமும் அதுதான். ஆகவே அங்கே சற்று கூடுதலாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் தடவ விரல் பழகிக்கொள்கிறது. தெளிப்பானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

தோளில் தடவவே கூடாது. கூடுதல் மசகு தோளுக்கும் டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் போக இடமில்லை. திரவம் அமுங்காது, பித்தளைதான் அமுங்கும். தோளில் விரலால் குத்தினதுபோலப் பள்ளம் விழும். டை செய்கிறவர்கள் இதற்காகவே சிறு காற்றுத்துளை விடுகிறார்கள். அந்தத் துளையும் பழைய மசகால் அடைத்துக்கொள்வதுண்டு.

கழுத்தின் உட்புறத்துக்கும் கவனம் வேண்டும். டைக்குள் ஒரு தண்டின் முனையில் சிறு உருண்டை இருக்கிறது. கூடு இறங்கும்போது அது கழுத்தின் உள்ளளவைச் சரிசெய்தபடி வெளியே வரும். உலர்ந்த கழுத்தில் அது கிறீச்சிட்டுக்கொண்டே வருவதுடன் கழுத்தையும் நீட்டிவிடும். இங்கே எண்ணெயைவிட மைக்கா அல்லது கிராஃபைட் தூள் நல்லது. ஏனென்றால் அடுத்து இந்தக் கழுத்து வழியாகத்தான் மருந்து இறங்கப்போகிறது. மருந்தும் பிரைமரும் எண்ணெய் படக்கூடாத பொருள்கள்.

கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு மசகுக் கவலை குறைவு. பெரும்பாலும் கழுத்தும் தோளும் இல்லாத அவற்றுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த டைகள் வந்துவிட்டன. மிகக் கடினமான அந்தப் பொருளில் பித்தளை ஒட்டுவதில்லை, மசகு இல்லாமலே வேலை ஓடும். ஆனால் கழுத்துள்ள ரைஃபிள் கூட்டுக்குக் கார்பைடு டையே வாங்கினாலும் மசகு தவிர்க்க முடியாதது.

இதுவரை சொன்னதெல்லாம் உராய்வை ஒழிக்கும் கதை. ஆனால் மசகைத் தேர்ந்தெடுப்பதில் பாதிக் கேள்வி, வேலை முடிந்ததும் அது எவ்வளவு எளிதாகப் போகும் என்பது. பிரஸ்ஸில் நமக்கு எதிரியான உராய்வு, துப்பாக்கியின் அறைக்குள் நமக்குக் காவலாக நிற்கிறது.

சுடும்போது கூட்டின் மெல்லிய சுவர் அறைச் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அதே நொடியில் வாயு கூட்டின் அடியைப் பின்னால் தள்ளுகிறது. கூட்டின் உள்விட்டம் அடியில் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் .308-இல் இந்தத் தள்ளல் சுமார் 3.4 டன். சுவரின் கவ்வல் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், மீதிதான் அறையைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டின் மேல் விழும். கூட்டில் எண்ணெய் இருந்தால் கவ்வல் தளர்ந்து, பாரம் முழுவதும் போல்ட்டுக்குப் போகும். உறுதியான புதுத் துப்பாக்கி தாங்கலாம். பழசும் தேய்ந்ததும் தாங்கும் என்று யார் உறுதி சொல்வது?

1921-இல் அமெரிக்காவின் தேசியப் போட்டிகளில் இது பெரிய விவகாரமானது. அந்தக் காலக் குண்டுகளின் செம்பு-நிக்கல் உறை குழலுக்குள் கட்டிகட்டியாகப் படியும். அதைத் தடுக்கச் சுடுபவர்கள் குண்டுகளைக் கிரீஸில் தோய்த்துச் சுடும் வழக்கம் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை வெள்ளீயம் பூசிய குண்டுகளைத் தந்தது. வெள்ளீயம் கழுத்துப் பித்தளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கிரீஸ் அடைத்திருந்தால் விரிய இடமில்லை. அழுத்தம் அபாயமாக ஏறியது. மறு ஆண்டே உறையின் உலோகத்தை மாற்றினார்கள். மசகு தடவிய தோட்டா என்றாலே அமெரிக்க இராணுவத்துக்கு இருந்த வெறுப்பு இன்னும் ஆழமானது.

அந்த வெறுப்புக்கு எதிரே நின்றவர் ஜான் பெடர்சன். 1920-களில் அவர் வடிவமைத்த அரைத் தானியங்கி ரைஃபிளின் போல்ட், அழுத்தம் முழுதும் இறங்குவதற்குள் பின்னால் நகரத் தொடங்கிவிடும். கூடு அறையைக் கவ்விக்கொண்டிருந்தால் கிழிந்துபோகும். ஆகவே அவர் கூடுகளுக்கு செரசின் என்ற கெட்டி மெழுகை மிக மெல்லிய உலர்ந்த பூச்சாகக் கொடுத்தார். தொட்டால் ஒட்டாது, தூசு பிடிக்காது, அறையின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மட்டும் வழுக்கும். பொறியியலாக அது அழகான தீர்வு. என்றாலும் இராணுவம் காரண்ட் என்ற இன்னொரு வடிவமைப்பாளரின், மெழுகு தேவைப்படாத ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. இத்தாலியின் பிரெடா 30 இயந்திரத் துப்பாக்கியிலோ தோட்டாக்களுக்கு எண்ணெய் தடவும் அமைப்பு உள்ளேயே இருந்தது. வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்தில் அந்த எண்ணெயில் மணல் ஒட்டி, துப்பாக்கி அடிக்கடி சிக்கியது. மசகு தங்கக்கூடாத இடத்தில் தங்கினால் நேரும் கதி இது.

ஆகவே டையிலிருந்து வந்த கூட்டை, மருந்து போடுவதற்கு முன்பே துடைத்து எடுத்துவிட வேண்டும். நீரில் கரையும் மசகு என்றால் வெந்நீரும் சோப்பும் போதும், பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். மெழுகுக்கும் லேனோலினுக்கும் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். கூடுகள் நிறைய இருந்தால் அரைத்த சோளக்கட்டைத் தூளோடு அதிர்வுத் தொட்டியில் கொஞ்ச நேரம் சுற்றவிடுவார்கள். பிரைமரின் தீப்பொறி நுழையும் அடித்துளையில் தூள் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைத் தொட்டுவிடாதீர்கள். இந்தப் பாடம் இந்திய மண்ணிலேயே கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை இங்கே லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்து போனதால் பருவ வெடிப்பு என்றார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் முழு விளக்கம் தந்தார்கள். குதிரைச் சாணத்திலும் மூத்திரத்திலும் இருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் உலோகம் பிளக்கும். டையில் நெருக்கப்பட்ட ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அந்த இறுக்கம் இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் தீர்ப்பு இது. ஒரு நாளில் ஐம்பது, நூறு ரைஃபிள் கூடுகள் மட்டும் செய்கிறவருக்கு விரலில் தொட்டுத் தடவும் மெழுகைவிட நல்லது இல்லை. ஒரு வகைக் கூட்டை நெருக்கி இன்னொரு வகையாக மாற்றும் கடினமான வேலைக்கும் அதுவேதான். நூற்றுக்கணக்கில் செய்கிறவருக்கு லேனோலின் தெளிப்பு, காயவிடும் பொறுமையோடு. கைத்துப்பாக்கிக்குக் கார்பைடு டை. எதுவானாலும் புதிதாக வாங்கிய மசகை முதலில் ஒரே ஒரு கூட்டில் தடவிப் பாருங்கள். நெம்புகோல் வழக்கத்தைவிடக் கனத்தால் மேற்கொண்டு அழுத்தாமல் நிறுத்தி, உடனே இறக்கி, இன்னொரு முறை தடவி ஏற்றுங்கள். பாதியில் நிறுத்திய கூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பலம் காட்டி ஏற்றிய கூட்டைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.